உலை வாயும் ஊர் வாயும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் கொண்டுவந்த சரக்கில் பாதியைத் தீர்த்துவிட்ட மனநல மருத்துவர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னை 'அறிஞர்' ஆக்கிவிட்ட செயலாளர் அவர்களே (என் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்), முன்வரிசைச் செவிலியர் சகோதரிகளே, கடைசி வரிசையில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். தலைப்பே கைப்பேசி என்பதால் உங்களைக் கண்டிக்கவும் எனக்கு வழியில்லை.

மனநலச் செயலிகளால் என்ன பயன், அவற்றால் ஆகாதது என்ன, அவற்றிடம் சொன்ன ரகசியம் எங்கே போகிறது என்று மூன்று செய்திகள் பேசுவதாக ஒப்புக்கொண்டேன்.

பயனை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தூக்கத்தையும் மனநிலையையும் நாள்தோறும் குறித்து வைக்கலாம். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, 'இதற்கு என்ன சான்று?' என்று எழுதிப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கும் பதில் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்கும் தெரியாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மனநல மருத்துவரிடம் போனால் பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் கைப்பேசியிடம் போகிறார்கள்.

இங்கே ஒரு கதை. கதை இல்லை, நடந்தது. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், தான் உருவாக்கிய எலிசா என்ற, மனிதரோடு உரையாடும் கணினி நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதற்கு ஒரு மண்ணும் புரியாது. நீங்கள் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிவிடும். அம்மா என்று ஒரு வார்த்தை வந்தால், 'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்னும். அவ்வளவுதான் வித்தை! அதை அவர் உருவாக்கியதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர் அம்மையார். ஒருநாள் அந்த அம்மையாரே அதனுடன் தட்டச்சில் பேச உட்கார்ந்தார். நாலு வரி போயிருக்கும். திரும்பிப் பார்த்து, 'நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா?' என்றார். யாரை? உருவாக்கியவரையே! (கைதட்டல்) இன்னும் கேளுங்கள். எல்லோருடைய உரையாடல்களையும் தான் எடுத்துப் பார்க்கும்படி ஓர் ஏற்பாடு செய்யலாமா என்றார் வைசன்பாம். 'அந்தரங்கத்தை உளவு பார்க்கிறீர்களா!' என்று பிடித்துக்கொண்டார்கள். அந்த ரோஷம் இன்று எங்கே?

இன்றைய செயற்கை நுண்ணறிவு எலிசாவைப்போல் திக்காது, பழகிய நண்பனைப்போல் பேசும். அதனால் இன்னும் கூடுதலாகக் கொட்டுகிறோம். பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம், பயனாளிகளின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக 2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 78 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பின்லாந்தில் வாஸ்டாமோ சிகிச்சை மையத்தின் குறிப்புகள் திருடுபோய், 2020இல் நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. ஊர் வாய்க்குப் பயந்து ஓடினோம். இப்போது ஊர் வாய் சர்வரில் உட்கார்ந்திருக்கிறது!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டாவது செய்தியை மருத்துவர் அம்மா பேசிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தவர் செயலியோடு நிற்கக் கூடாது, உடனே ஒரு மனிதரிடம் பேச வேண்டும்.

நான் மேடைதோறும் கேட்பது இதுதான். மருத்துவரிடம் சொன்னதற்கு உள்ள காப்பு செயலியிடம் சொன்னதற்கும் சட்டப்படி வேண்டும். விளம்பரத்துக்கு ஒரு வரிகூடப் போகக் கூடாது. 'அழி' என்றால் சர்வரிலும் அழிய வேண்டும். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் செயலாளரே தப்ப முடியாது!