சமூகப்பணி மாணவர்களின் களக்குறிப்பை வாசிக்கிற வேலை | யாழ்ப்பாண வ்லாக்

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்குப் பண்ணைக் கடற்கரையும் இல்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை. வீட்டு அறையில் இருந்து என் வேலையைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு சமூகப்பணிக் கற்கைநெறியில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன், கூடவே முதுமாணியும் படிக்கிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களும், வெளிநாட்டில் 'டீச்சிங் அசிஸ்டன்ட்' ஆகப் போக விண்ணப்பம் போடுகிறவர்களும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கொப்பி திருத்துகிற வேலை தானே?"

ஓம், கொப்பி திருத்துவதும் உண்டு. வரவு எடுக்க வேண்டும், சிறு குழு வகுப்பு நடத்த வேண்டும், மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அனுப்பப் பிரதேச செயலகத்துக்கும் நிறுவனங்களுக்கும் கடிதத்தோடு அலைய வேண்டும். ஒப்பந்தம் முடிகிற மாதங்களில் அடுத்தது வருமா என்ற யோசனை வேறு. இதெல்லாம் எந்தத் துறையிலும் இருக்கிறது. சமூகப்பணியில் மட்டும் இருக்கிற ஒன்று களக்குறிப்பு. இந்த வேலை எனக்குப் பெரிதாகப் படுவதே அதனால்தான்.

களக்குறிப்பு என்றால், மாணவர் ஒரு வீட்டுக்குப் போய் வந்ததும் எழுதுகிற பதிவு. நான் என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார், அப்போது எனக்கு மனதில் என்ன பட்டது என்று பத்தி பிரித்து எழுதுவார்கள். பக்கத்தில் ஒரு பத்தி வெறுமையாக இருக்கும். அது வாசிக்கிறவர் குறிப்பு எழுதுகிற இடம். விரிவுரையாளர் கையில் போவது கடைசி அறிக்கைதான். வாராவாரம் வருகிற பச்சைக் குறிப்பை முழுதாக வாசிப்பது உதவியாளர். அந்த வெறும் பத்தியில் நான் எழுதுகிற இரண்டு வரியை வைத்துத்தான் அடுத்த கிழமை அந்தப் பிள்ளை அதே வீட்டுக்குப் போய் எப்படிக் கதைப்பார் என்பது முடிவாகும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் சொல்லப் போகிற எல்லாவற்றிலும் ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஒரு மாணவி எழுதியிருந்தார்: "தாய் பிள்ளையில் அக்கறை இல்லாதவர்." நான் பக்கத்தில் எழுதியது, "எதைப் பார்த்து?" அவ்வளவுதான். கூப்பிட்டுக் கேட்டபோது, "மிஸ், குழந்தை அழுதது, அவ எழும்பவே இல்லை" என்றார். அப்போது எத்தனை மணி? காலை எட்டு. தாய்க்கு என்ன வேலை? இரவு முழுக்க நண்டு பதனிடுகிற இடத்தில் நின்று வேலை. ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். சரி, திருப்பி எழுதுங்கள் என்றேன். "நான் போனபோது குழந்தை அழுதது. தாய் பாயில் படுத்திருந்தார். அப்பம்மா தூக்கினார். தாய் இரவு வேலை முடித்து வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது." இப்போது இந்த வீட்டில் செய்ய வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரிகிறது: பகலில் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். முதல் வசனம் அப்படியே கோப்பில் ஏறியிருந்தால், நாளைக்குச் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் வாசிக்கிற முதல் வரி அதுதான். ஒரு தாய் தன் பிள்ளைக்காக முழுக்க முழுக்க உழைத்துவிட்டு, அக்கறை இல்லாதவர் என்று பெயர் வாங்கியிருப்பார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். அந்த மாணவியின் மீது கோபமில்லை. அப்படி எழுதத்தான் பள்ளிக்கூடக் காலம் முழுக்க நாங்கள் பழகுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள், பாண் ஓட்டோ பாட்டோடு போகிறது... சரி, போய்விட்டது.

அடுத்தது குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் அதன் மேல் பெருக்கல் குறி. உலகம் முழுக்க சமூகப்பணி வகுப்பில் இதைப் படிப்பிக்கிறார்கள், நானும் பலகையில் கீறிக் காட்டிவிட்டுத்தான் களத்துக்கு அனுப்புகிறேன். ஒரு தம்பி வரைபடத்தோடு வந்து நின்றார். ஒரு மகனின் சதுரம் பாதி கீறியபடி இருந்தது. "மிஸ், இவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். பெருக்கல் போடவா, விடவா?" எங்களிடம் இருக்கிற கையேட்டில் இதற்குக் குறியீடு இல்லை.

போடாதீர்கள் என்றேன். இறப்புச் சான்றிதழ் வேண்டாம் என்று எத்தனை அம்மாமார் வருடக்கணக்காக வெயிலில் கொட்டகை போட்டு இருந்தார்கள் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் பதிகிற சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அரசாங்கமே அந்த வேறுபாட்டை ஒத்துக்கொண்ட பிறகு, பயிற்சிக்கு வந்த மாணவர் பேனையால் ஒரு குறி போட்டு அந்த மகனைச் சாகடிக்க முடியாது. கதைக்கும்போது அந்த அம்மாவிடமே கேளுங்கள், அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படிக் கீறுங்கள் என்று சொன்னேன். அவர் அடுத்த கிழமை கேட்டிருக்கிறார். அம்மா சொன்னது: "மற்றப் பிள்ளையளைப் போலவே கீறும் தம்பி, வயதையும் போடும்." சதுரத்துக்குள் இப்போதைய வயது எழுதியிருக்கிறது.

போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களோடு வேலை செய்து 'தெளிவற்ற இழப்பு' என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்தார். உடம்பு இல்லை, ஆனால் மனதில் ஆள் இருக்கிறார். அதனால் துக்கம் முடிவதில்லை. இந்தப் பாடத்தை இங்கே படிப்பிக்கும்போது வகுப்பில் யாருமே குறிப்பு எடுக்க மாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சிலருடைய வீட்டுக் கதையே அது. அந்த மணித்தியாலத்தில் உதவியாளர் செய்ய வேண்டியது, யார் எழுந்து வெளியே போகிறார் என்று பார்த்து மெதுவாகப் பின்னால் போவது. இதற்கு வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

அப்புறம் இரகசியம் காப்பது. பெயரை மாற்றினால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது போதவே போதாது. "திருமதி க., கோயில் கேணிக்குப் பின்வீடு, கணவர் இளைப்பாறிய தபாலதிபர், மூத்த மகன் சுவிஸ்" என்று ஒருவர் வகுப்பில் வாசிக்கத் தொடங்கினால், இரண்டாவது வசனம் முடிய முதல் பின் வாங்கிலில் ஒருவர் தலை நிமிர்ந்து பார்ப்பார். அவருக்கு அது மாமி முறை! இங்கே ஊரும் தொழிலும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் நாடும் சேர்ந்தாலே அடையாள அட்டைதான். கற்பித்தலுக்காகக் கதைக்கும்போதும், சம்மதம் இல்லாமல் ஆளை அடையாளம் காட்டுகிற விபரம் சொல்லக்கூடாது என்று அமெரிக்க சமூகப்பணியாளர் சங்கத்தின் ஒழுக்கக் கோவையிலும் இருக்கிறது. பெரிய நகரத்தில் அதைக் கடைப்பிடிப்பது சுலபம். எங்களுக்கு அது ஒவ்வொரு வசனத்திலும் வேலை. நான் குழு வகுப்பில் வாசிக்க விடுவதற்கு முன் ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, இதை இந்த வகுப்பில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்த உதவியாளர் வேலைக்குப் பல இடங்களில் கல்விக் கட்டணத்தைக் குறைப்பார்கள் அல்லது விடுவார்கள், மாதக் கொடுப்பனவும் இருக்கும். மாணவர் விசாவில் போனால் தவணை நடக்கும்போது வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அங்கீகாரம் பெற்ற முதுமாணிக்கு ஆகக் குறைந்தது 900 மணித்தியாலக் களப்பயிற்சி வேறு. ஆகவே கடிதம் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை மாணவரின் குறிப்பு உங்களிடம் வரும், மாணவர் ஒரு வீட்டில் பிள்ளை அடி வாங்குவதை எழுதியிருந்தால் நீங்கள் யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும். இலங்கையில் உதவி கேட்டு அழைக்கிற தொலைபேசி இலக்கம் சிறுவர் என்றால் 1929, பெண்கள் என்றால் 1938, இரண்டையும் என் மாணவர்கள் களக்கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, இதைப் பார்க்கிற அம்மாமார், அக்காமாருக்கு ஒன்று. விதானையாரோடு (கிராம அலுவலரோடு) ஒரு பெடியனோ பிள்ளையோ கொப்பியோடு உங்கள் வீட்டுக்கு வந்தால், யார் என்று அடையாள அட்டையைக் கேளுங்கள். எதற்காக எழுதுகிறீர்கள், யார் வாசிப்பார் என்று கேளுங்கள். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணப் பட்டியலுக்கும் அந்த மாணவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பதில் சொல்லாவிட்டால் உங்கள் கொடுப்பனவு நிற்காது. கதைக்க விருப்பம் இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். பாதியில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. "எழுதியதை வாசித்துக் காட்டும்" என்றும் கேட்கலாம். என் மாணவர் என்றால் வாசித்துக் காட்டுவார்.