கரண்ட் போய் வந்தபின் உபுண்டு திறக்கவில்லை: எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

அடுத்த கேள்வி. "கரண்ட் போய் வந்ததிலிருந்து உபுண்டு திறக்கவில்லை. கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) என்று நிற்கிறது, எஃப்எஸ்சிகே-யை நீயே ஓட்டு என்கிறது. மைனஸ் ஒய் போட்டு ஓட்டச் சொல்கிறார்கள். உள்ளே குடும்பப் போட்டோக்கள் இருக்கின்றன, வேறு காப்பி இல்லை. ஓட்டலாமா?"

எஃப்எஸ்சிகே (fsck) என்பது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, சோதித்துச் சரிசெய்யும் லினக்ஸ் கட்டளை. பெரும்பாலும் ஓட்டினால் சரியாகிவிடும். ஆனால் வேறு காப்பி இல்லை என்கிறீர்களே, அதனால் இப்போதே ஓட்டாதீர்கள். உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-இல் (ext4) ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு, இருக்கிறது. சாதாரணமாகக் கரண்ட் போனால், அடுத்த பூட்டில் அதுவே பார்த்துக்கொள்ளும். நீயே ஓட்டு என்று நிற்கிறது என்றால் அதற்கு மேலான சேதம். எஃப்எஸ்சிகே கணக்குப்பிள்ளை மாதிரி; பேரேடு டேலியானால் போதும், அதற்காக இடிக்கிற பக்கத்தைக் கிழித்துப் போடவும் செய்யும். உங்கள் போட்டோவைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. மைனஸ் ஒய் (-y) என்றால், அது கேட்கிற ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரி, சரி என்கிறீர்கள்.

முதலில் தெரிய வேண்டியது, கெட்டது ஃபைல் சிஸ்டமா, டிஸ்க்கா என்பது. லைவ் யுஎஸ்பி, அதாவது டிஸ்க்கில் நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் பென் டிரைவ், போட்டு பூட் செய்யுங்கள், டிஸ்க்கில் பழைய உபுண்டு இருக்கும் பார்ட்டிஷனைத் திறக்காதீர்கள். சிஸ்டத்தின் உள் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஐஓ எரர் (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) வரிசையாக வந்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல்-இல் (smartctl) கரண்ட் பெண்டிங் செக்டார் (Current_Pending_Sector) என்ற வரியில் பூஜ்யம் இல்லாமல் எண் இருந்தால், படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் கொடுங்கள். வீட்டில் முயல வேண்டாம்.

சத்தம் இல்லையென்றால், அதே அளவோ பெரியதோ இன்னொரு டிஸ்க்கில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகல் எடுக்கும் கருவியை வைத்து முழு நகல் எடுங்கள். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்கு வைக்கும். எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுத்தால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் பழைய டிஸ்க் முதலில், புதியது அடுத்து. மாற்றிப் போட்டால் எல்லாம் போச்சு. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-இல் (lsblk) அளவைப் பார்த்து எது எது என்று உறுதி செய்த பிறகு என்டர் தட்டுங்கள்.

அப்புறம் அந்த நகலின் மேல் எஃப்எஸ்சிகே. முதலில் மைனஸ் என் (-n). எதையும் எழுதாமல் பார்த்து மட்டும் சொல்லும். ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படைத் தகவல் இருக்கும் சூப்பர்பிளாக்கே போய்விட்டது என்றால் மைனஸ் பி 32768 (-b 32768) கொடுங்கள். 4 கிலோபைட் பிளாக் உள்ள எக்ஸ்ட்4-இல் முதல் மாற்றுப் பிரதி வழக்கமாக அங்கேதான் இருக்கும். அதன் பிறகு தைரியமாக மைனஸ் ஒய் போடலாம், மூலம் பத்திரமாக இருக்கிறதே!

முடிந்ததும் லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் (lost+found) என்ற ஃபோல்டரைப் பாருங்கள். பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. பெயர் தொலைந்த ஃபைல்கள் அங்கே ஹாஷ் குறியும் (#) ஐநோட் எண்ணுமாக, அதாவது ஃபைல் சிஸ்டம் ஃபைலுக்குத் தரும் உள் எண்ணுமாகக் கிடக்கும். ஃபைல் (file) என்ற கட்டளை எது போட்டோ, எது வீடியோ என்று சொல்லிவிடும். கேமரா போட்டோ என்றால் எடுத்த தேதி உள்ளேயே பதிந்திருக்கும், அதை வைத்துப் பிரிக்கலாம்.

அங்கேயும் இல்லையா, ஃபோட்டோரெக் (PhotoRec) என்ற மீட்புக் கருவியை ஓட்டுங்கள். அது ஃபைல் சிஸ்டத்தைப் பொருட்படுத்தாமல் ஜேபெக் (JPEG) போட்டோவின் தொடக்க அடையாளத்தைத் தேடி எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது, துண்டு துண்டாக இருந்த ஃபைல் உடைந்தும் வரலாம். மீட்டதை மூன்றாவது டிஸ்க்கில் சேமியுங்கள். நீங்களே அழித்த ஃபைல், அதுவும் எஸ்எஸ்டி-யில் என்றால் நம்பிக்கை குறைவு. காலியான இடங்கள் எவை என்று எஸ்எஸ்டி-க்குச் சொல்லித் துடைக்க விடும் ட்ரிம்-ஐ உபுண்டு வாரம் ஒருமுறை ஓட்டும், அது ஓடிவிட்டால் அநேகமாக எதுவும் மிஞ்சாது.

இதெல்லாம் எக்ஸ்ட்4-க்குச் சொன்னது. பிடிஆர்எஃப்எஸ் (btrfs) என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் அதன் செக் ரிப்பேரை (btrfs check --repair) எடுத்த எடுப்பில் ஓட்டாதீர்கள். பிடிஆர்எஃப்எஸ் ரிஸ்டோர் என்று ஒன்று இருக்கிறது, முதலில் அதை வைத்து ஃபைல்களை வெளியே எடுங்கள்.