இருபதாம் நாள், மாலை 5 மணி

அவையோருக்கு வணக்கம்.

நவம்பர் தேர்தல் என்றால் தெருவெல்லாம் பலகை, டிவியில் விளம்பரம், போனை எடுத்தால் பிரச்சாரம். நியூயார்க் மாநிலத்தில் உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் குழுவுக்காக மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை நடக்கும் பள்ளி வாரியத் தேர்தலுக்கு இந்த ஆரவாரம் எதுவும் கிடையாது. பள்ளி ஜிம்மில் இரண்டு மேசை, வாக்காளர் பட்டியலோடு சிலர், சீட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஓர் இயந்திரம். கையில் தரும் சீட்டில் பட்ஜெட்டுக்கு ஆம் அல்லது இல்லை. அதோடு வேட்பாளர்களின் பெயர்கள். பெயரோடு கட்சியும் இருக்காது, சின்னமும் இருக்காது. பெயர் வரிசைக்குக் கீழே, அதில் இல்லாத ஒருவரின் பெயரை நீங்களே எழுத, ஒன்றிரண்டு வெற்றுக் கோடுகள் இருக்கும். உங்கள் சொத்து வரியில் பெரும்பாலும் மிகப் பெரிய பங்கான பள்ளி வரியை முடிவு செய்வது இந்தத் தாள்தான்.

நியூயார்க் மாநிலத்தின் சிறு நகரப் பள்ளி மாவட்டங்களைப் பற்றி இன்று பேசுகிறேன். பள்ளி மாவட்டம் என்றால் ஒரு பள்ளி வாரியத்தின் பொறுப்பில் இருக்கும் பகுதி. 'சிறு நகரம்' என்பது இங்கே சட்டச் சொல். மக்கள்தொகை 1,25,000-க்குக் கீழே இருக்கும் நகரங்களின் பள்ளி மாவட்டங்கள் இதில் அடங்கும்: இத்தாக்கா, கிங்ஸ்டன், பொகீப்சி, ஜேம்ஸ்டவுன், ஒயிட் பிளெயின்ஸ் போன்றவை. நியூயார்க் நகரம், பஃபலோ, ராச்செஸ்டர், சிராக்யூஸ், யாங்கர்ஸ் என்ற பெரிய ஐந்தில் பள்ளி பட்ஜெட் மக்கள் வாக்குக்கு வருவதே இல்லை. சிறு நகரங்களிலும் 1997-க்கு முன்பு இதே கதைதான். வாரியம் கைதூக்கினால் வரி ஏறிவிடும். 1996-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் பட்ஜெட் வாக்குச்சீட்டில் ஏறியது.

யார் ஓட்டுப் போடலாம்? அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும்; 18 வயது ஆகியிருக்க வேண்டும்; மாவட்ட எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும்; பெயர் பதிவாகியிருக்க வேண்டும். நவம்பர் தேர்தலுக்குப் பதிவு செய்தவர் மறுபடி பதிய வேண்டியதில்லை. சொந்த வீடு தேவையில்லை, பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு காலத்தில் இந்த மாநிலத்தின் பல மாவட்டங்களில் சொந்தமாகவோ வாடகைக்கோ வீடு, நிலம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும்; அப்போதுதான் ஓட்டு. லாங் ஐலண்டில் பெற்றோர் வீட்டில் குடியிருந்த, மணமாகாத கிரேமர் என்பவர் வழக்குப் போட்டு, 1969-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த விதியை உடைத்தார். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் பள்ளி வரி கட்டுகிறீர்கள், பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். ஆனாலும் ஓட்டு கிடையாது. தெரியாமல் போட்டுவிட்டால் பின்னால் குடியுரிமை மனுவில் அது வந்து நிற்கும். வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஒதுக்கும் நேரத்தில் பேசலாம். அதற்குக் குடியுரிமை கேட்க மாட்டார்கள்.

போட்டியிட நினைப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மேடையில் இல்லை, மனுவில்தான். கட்சி உங்களை நிறுத்தாது, கட்டுத்தொகை என்று ஒன்றும் இல்லை. தகுதியுள்ள வாக்காளர்கள் 100 பேரின் கையெழுத்து வேண்டும். தேர்தலுக்கு முந்தைய இருபதாம் நாள் மாலை 5 மணிக்குள் பள்ளி மாவட்டத்தின் அலுவலரான கிளார்க்கின் கையில் அந்த மனு இருக்க வேண்டும். 2024-இல் தேர்தல் மே 21. அப்படியானால் கடைசி நாள் மே 1, புதன்கிழமை. இணையத்தில் தேடினால் 25 கையெழுத்து என்றும் 30 நாள் என்றும் ஒரு கணக்கு வரும். அது நகரமல்லாத மற்ற பள்ளி மாவட்டங்களுக்கு. அதை நம்பி 40 கையெழுத்தோடு போய் நின்றால் கதவு அங்கேயே மூடிவிடும். ஆகவே மனுப் படிவத்தை வேறு எங்கிருந்தும் அச்சடிக்காதீர்கள். உங்கள் மாவட்ட கிளார்க்கிடம் நேரில் போய் வாங்குங்கள்.

100 வேண்டும் என்றால் 150 வாங்குங்கள். மூன்றில் ஒன்று கழிந்தாலும் மிச்சம் நிற்கும். கழிவது எதனால்? ஒன்று, பதிவு இல்லாதவர் கையெழுத்துப் போட்டிருப்பார். இன்னொன்று எல்லை, இதில்தான் பலர் விழுகிறார்கள். நகரத்தின் எல்லையும் நகரப் பள்ளி மாவட்டத்தின் எல்லையும் ஒன்றல்ல. இத்தாக்கா பள்ளி மாவட்டம் நகரத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள பல டவுன்களின் பகுதிகளுக்குள் நீள்கிறது. மறுபுறம், கடித முகவரியில் 'இத்தாக்கா' என்று இருக்கும் ஒரு வீடு பக்கத்து லான்சிங் பள்ளி மாவட்டத்தில் இருக்கலாம். அஞ்சல்காரரின் பை எல்லையை முடிவு செய்யாது. பள்ளி வரி ரசீதில் மாவட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். வாடகை வீட்டுக்காரர் கையில் ரசீது இருக்காது. அவர் கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும்.

நம்மவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. அப்பா பெயர் முன்னெழுத்தாகவும் கடைசிப் பெயராகவும் மாறி மாறி நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு வரிசை, வாக்காளர் பட்டியலில் மூன்றாவது ஒன்று. மனுவில் கையெழுத்துக்குப் பக்கத்தில் பெயரைத் தெளிவாக எழுதும்போது பட்டியலில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். முகவரியையும் விடக்கூடாது. முழுப் பதவிக் காலத்துக்கா, இடையில் காலியான இடத்தின் மிச்சக் காலத்துக்கா என்பதையும் மனுவில் காட்ட வேண்டும். மாவட்டத்தில் வேலை பார்ப்பவர் வாரியத்தில் உட்கார முடியாது. ஒரே வீட்டிலிருந்து இருவரும் முடியாது. கணவன் மனைவி இருவருக்கும் ஆசை என்றால் முதலில் வீட்டுக்குள் ஒரு தேர்தல் நடத்திக்கொள்ளுங்கள். மனுக்கள் வாங்கி முடிந்த மறுநாள் குலுக்கல். சீட்டில் யார் பெயர் முதலில் வருவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

செலவுக் கணக்குக்கும் சட்டம் உண்டு. பலகை, துண்டறிக்கை எல்லாம் சேர்த்து 500 டாலருக்குள் இருந்தால் அப்படி என்று ஓர் உறுதிமொழி கொடுத்தால் போதும். தாண்டினால் விரிவான கணக்கு மூன்று தவணையில்: தேர்தலுக்கு 30 நாள் முன்பு, 5 நாள் முன்பு, முடிந்து 20 நாளுக்குள். முதல் தவணை மனு நாளுக்கு 10 நாள் முன்பே வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? மனுக் கொடுக்கும் முன்பே கணக்குக் கேட்கும் விசித்திரமான ஏற்பாடு. தப்பிக்க வழி, முதல் டாலரிலிருந்தே எழுதி வைப்பதுதான்.

இனி சீட்டுக் கணக்கு. பல மாவட்டங்களில் இடவாரியாகப் போட்டி இல்லை. மூன்று இடம் காலி, ஐந்து பேர் நிற்கிறார்கள் என்றால் அதிக வாக்கு வாங்கிய மூவர் உள்ளே. நீங்கள் மூன்று பேர் வரைக்கும் குறிக்கலாம். நான்காவது வட்டத்தையும் நிரப்பிவிட்டால் அந்தப் பகுதியே செல்லாது. பட்ஜெட் வாக்கு மட்டும் எண்ணப்படும். மூன்றையும் நிரப்பியே தீர வேண்டும் என்பது இல்லை. ஒருவர் மட்டும் கட்டாயம் வர வேண்டும் என்று நினைப்பவர் பெயர் தெரியாத இன்னும் இருவருக்கும் தாராளமாக வாக்கு வழங்கினால், மூன்றாவது இடத்துக்கு அந்த ஒருவரோடு மல்லுக்கட்டுகிறவருக்கே கைகொடுத்ததாகிவிடலாம். சில நூறு வாக்கில் இடம் மாறும் தேர்தலில் இது சின்ன விஷயம் இல்லை. பதவிக் காலம் வேறுபடும் இடங்கள் ஒரே நேரத்தில் காலியானால் அதிக வாக்கு வாங்கியவருக்கு நீண்ட காலம்.

பட்ஜெட்டில் குழப்பம் விளைவிப்பது 2 சதவீதம் என்ற எண். 2011-இல் வந்த சட்டம் சொத்து வரி வசூலின் உயர்வை 2 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் குறைந்ததற்குக் கட்டுப்படுத்துகிறது. அது கணக்கின் தொடக்கம் மட்டுமே. புதுக் கட்டடங்களால் கூடும் வரி அடிப்படை, கட்டடப் பணிக் கடன், ஓய்வூதியச் செலவின் ஒரு பகுதி என்று சேர்த்தும் கழித்தும் வரும்போது ஒரு மாவட்டத்தின் உச்சவரம்பு 2-க்கு மேலும் போகும், கீழும் போகும். வரம்புக்குள் இருந்தால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். தாண்டினால் 60 சதவீதம் வேண்டும். ஓர் உதாரணம்: 3,000 பேர் வாக்களித்து 1,740 பேர் 'ஆம்' என்கிறார்கள். 58 சதவீதம். வரம்புக்குள் என்றால் அது அபார வெற்றி. வரம்புக்கு மேல் என்றால் 60 வாக்கில் தோல்வி. பட்ஜெட் கூட்டத்துக்குப் போனால் வரியை எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். வரம்புக்குள்ளா வெளியிலா என்று கேளுங்கள். கடன் பத்திரத்துக்கு முன்பு தனிக் கணக்கு இருந்தது: சிறு நகர மாவட்டத்தின் கடன் சொத்து மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாநில அரசமைப்பின்படி அதற்கும் 60 சதவீதம் வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் மக்கள் வாக்கு அந்த அரசமைப்பு வரம்பை நீக்கிவிட்டது.

தோற்றால் என்ன? அதே பட்ஜெட்டையோ குறைத்த பட்ஜெட்டையோ ஜூன் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மறுபடி கொண்டுவரலாம். இத்தாக்காவில் 2024 மே மாதம் பட்ஜெட் தோற்றது. வெட்டிக் குறைத்து ஜூனில் வைத்தபோது நிறைவேறியது. இரண்டாம் முறையும் தோற்றால் வரி வசூல் போன ஆண்டை விட ஒரு டாலர்கூட ஏறக்கூடாது. கருவிகள் வாங்குவதில் கட்டுப்பாடு வரும். பள்ளி அரங்கத்தை ஊராருக்கு இலவசமாகத் தர முடியாது. வாரயிறுதித் தமிழ் வகுப்புக்குப் பள்ளி அறையை நம்பியிருப்பவர்கள் இந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி தபால் ஓட்டு. இப்போது காரணம் சொல்லாமலே வாங்கலாம். சீட்டு வீட்டுக்கு வர வேண்டுமானால் விண்ணப்பம் தேர்தலுக்கு 7 நாள் முன்பே கிளார்க்கிடம் சேர வேண்டும். நவம்பரில் அஞ்சல் முத்திரைத் தேதி கைகொடுக்கும். பள்ளித் தேர்தலில் கைகொடுக்காது. தேர்தல் நாள் மாலை 5 மணிக்குள் நிரப்பிய சீட்டு அலுவலகத்துக்குள் இருக்க வேண்டும். திங்கட்கிழமை தபால் பெட்டியில் போட்டது புதன்கிழமை போய்ச் சேர்ந்தால் வெறும் காகிதம்.

வாக்குச் சாவடியிலிருந்து 100 அடிக்குள் பிரச்சாரம் கூடாது. சட்டையில் குத்திய பட்டனும் பிரச்சாரம்தான். பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு கோடு உண்டு. பட்ஜெட்டில் என்ன இருக்கிறது என்று வரிப்பணத்தில் விளக்கலாம். 'ஆம் போடுங்கள்' என்று கேட்கக் கூடாது. 1986-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆனாலும் 'நம் பிள்ளைகளுக்காக' என்று தொடங்கும் வழவழப்புக் காகிதங்கள் வீடு தேடி வரும். அவை விளக்கமா வேண்டுகோளா என்று படித்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

முறைகேடு என்று நினைத்தால் போக வேண்டிய இடம் மாநிலக் கல்வி ஆணையர். 30 நாளுக்குள் போக வேண்டும். நடைமுறையில் ஏதோ பிசகு என்று காட்டினால் மட்டும் தேர்தல் ரத்தாகாது. அந்தப் பிசகால் முடிவே மாறியிருக்கும் என்றோ தேர்தல் முழுவதுமே கெட்டுப்போனது என்றோ நிறுவ வேண்டும். நல்ல வழக்குகளும் ஓர் அற்பக் காரணத்தால் விழுகின்றன: ஜெயித்தவரின் பதவியைக் கேள்வி கேட்கும் மனுவில் அந்த ஜெயித்தவரையே எதிர்மனுதாரராகச் சேர்த்து, அவர் கையில் நகல் கொடுத்திருக்க மாட்டார்கள். வாரியத்தை மட்டும் சேர்த்தால் போதாது.

ஜெயித்தவருக்கும் வேலை முடிந்துவிடவில்லை. பதவி ஜூலை 1-இல் தொடங்குகிறது. 30 நாளுக்குள் உறுதிமொழி எடுத்து அது கோப்பில் ஏற வேண்டும். இல்லையென்றால் இடம் காலியானதாகிவிடும், மாலை போட்டுக்கொண்ட படம் மட்டும் மிஞ்சும். முதல் ஆண்டுக்குள் நிதி மேற்பார்வைப் பயிற்சி குறைந்தது 6 மணி நேரம். அந்த 6 மணி நேரத்தில் முன்னால் விரித்து வைப்பது அடுத்த மே மாதத்துக்கான பட்ஜெட் தாள்களாகத்தான் இருக்கும்.