லே ஆல் சந்தையின் வெங்காய சூப்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் நகரின் நடுவே லே ஆல் என்ற மொத்தச் சந்தை இருந்தது. 1969-இல் அது பாரிஸின் புறநகரான ருன்ஜிஸுக்கு இடம் மாறும்வரை, இரவெல்லாம் மூட்டை சுமந்தவர்கள் விடியற்காலையில் அங்கே கிண்ணம் கிண்ணமாகக் குடித்தது வெங்காய சூப். நாடகம் முடிந்து வந்த பணக்காரர்களும் அதே கடைகளுக்குத்தான் வந்தார்கள். பதினைந்தாம் லூயி மன்னர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை உண்டு, நம்பாதீர்கள். வெங்காயமும் காய்ந்த ரொட்டியும் ஏழைச் சமையலறையின் பொருள்கள். அவருக்கு முன்பே பிரான்ஸில் இந்த சூப் இருந்தது.

இதன் உயிர் வெங்காயத்தை வதக்குவதில் இருக்கிறது. நான்கு பேருக்கு 1 கிலோ பெரிய வெங்காயம். நீளவாக்கில் நறுக்குங்கள், குறுக்கே நறுக்கினால் சீக்கிரம் குழைந்துவிடும். அடிகனமான பாத்திரத்தில் 50 கிராம் வெண்ணெய், ஒரு கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, நிறமும் ஏறாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு வேகாது, சூப் கசக்கும். குறைந்த தீயில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். பாத்திரம் நிறைய இருந்தது கால்வாசியாகச் சுருங்கி, கருப்பட்டி நிறத்துக்கு வரும். அடியில் பழுப்பாக ஒட்டுகிறதே, அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். ருசி முழுக்க அதில்தான். 150 மில்லி வெள்ளை ஒயினை ஊற்றிச் சுரண்டினால் கரைந்துவிடும். ஒயின் வேண்டாமென்றால் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் போதும். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் தித்திப்பு திகட்டும்.

பிறகு ஒன்றேகால் லிட்டர் மாட்டெலும்புச் சாறு, ஒரு பிரிஞ்சி இலை, அரை மணி நேரக் கொதி. உப்பைக் கடைசியில் பாருங்கள், சீஸிலும் உப்பு உண்டு.

ரொட்டித் துண்டுகளை மொறுமொறுவென்று காயவைத்தபின்தான் மேலே மிதக்கவிட வேண்டும். காயாத ரொட்டி கூழாகிவிடும். அதன்மேல் கிரியேர் அல்லது கொம்தே சீஸ், 150 கிராம், கட்டியாக வாங்கி நீங்களே துருவியது. துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், இழைந்து உருகாது. அவன் (oven) அடுப்பில் மேல்சூட்டில் வைத்து, சீஸ் கொப்புளித்துப் பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுங்கள்.

மேலே சீஸ் மூடியிருப்பதால் உள்ளே இருக்கும் சூடு சீக்கிரம் ஆறாது. மூன்று நிமிடம் பொறுத்து, ஓரத்தில் கரண்டியால் குத்தி ஆவியை விட்டபின் வாயில் வையுங்கள்.