ஓவியரிடம் கையைப் பற்றிக் கேளுங்கள்

வணக்கம். செமஸ்டர் லீவுக்கு வீரவநல்லூர் வந்திருக்கிறேன். மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன், காற்றுச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓவியக் கண்காட்சிகளுக்குப் போவது, அங்கே ஓவியர்கள் பேசுவதைக் கேட்பது, இந்த இரண்டையும் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. சென்னையில் ஓவியம் படிக்கிறேன். நம்ம திருநெல்வேலிப் பக்கம் அம்பை, சேரன்மகாதேவி, முக்கூடல் என்று பல ஊர்களில் ஓவியக் கல்லூரிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

பிளஸ் டூ முடிக்கும்வரை நான் ஒரு கேலரிக்குள் போனதில்லை. சென்னைக்குப் போன பிறகுதான் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்களை நேரில் பார்த்தேன். கண்காட்சிகள் நடக்கிற லலித் கலா அகாதெமி கிரீம்ஸ் ரோட்டில். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அந்தக் கிராமம் எப்படி வந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1966-ல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த இளம் ஓவியர்களும் தொடங்கியது. படம் வரைந்து மட்டும் வயிறு நிறையாத காலம். அதனால் பாட்டிக் துணி (மெழுகு ஊற்றிச் சாயம் போடுவது), கைவினைப் பொருள் என்று செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். பிழைப்புக்குத் துணியில் மெழுகு ஊற்றிய அதே கைதான் ராத்திரி கேன்வாஸிலும் வேலை செய்தது. அங்கே போகும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வரும்.

சரி, கண்காட்சிக்குள் போய்விட்டோம். என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் எதன் முன்னாலும் நிற்காமல் முழு அறையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்க மாட்டேன். அப்புறம் எது என்னைத் திரும்பப் பார்க்க வைத்ததோ, அந்த இரண்டு மூன்று படங்களிடம் மட்டும் போய் நிற்பேன். நின்றால் கால் வலிக்கிற வரைக்கும்தான். மற்றதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். ஐம்பது படத்தையும் போனில் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் பார்க்கலாம் என்று நினைத்தால், அளவு போய்விடும், மேற்பரப்பு போய்விடும், பாதி நிறமும் போய்விடும். கையில் சின்ன ஸ்கெட்ச்புக் இருந்தால் போதும். பார்த்து வரைய ஆரம்பித்தால் கண் தானாகவே நிதானமாகிவிடும்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். சட்டம் போடாத கேன்வாஸாக இருந்தால் பக்கவாட்டில் போய் அதன் விளிம்பைப் பாருங்கள். கேன்வாஸ் மடிந்து கட்டைக்குப் பின்னால் போகிற அந்த ஒரு விரல் அகல இடம். ஓவியர் முதலில் பூசிய நிறம், நடுவில் மனசு மாறி மறைத்த நிறம், கீழே வழிந்து உறைந்த துளி எல்லாம் அங்கே இருக்கும். முன்பக்கம் எவ்வளவு முடிந்த படமாக இருந்தாலும் விளிம்பில் வேலை நடந்த வரிசை தெரியும். தொடாமல், மூச்சுப் படாமல், தள்ளி நின்று பாருங்கள்.

இந்த விளிம்பு வழியாகத்தான் ஓவியர் பேச்சைக் கேட்பது பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

சென்னையில் ஒரு கேலரியில் மூத்த ஓவியர் ஒருவர் பேசினார். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். நினைவு, அடையாளம், வெளி, உடல் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவர் யோசித்துத்தான் பேசினார். ஆனால் சுவரில் தொங்கிய படத்தை அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் மாற்றவில்லை. கேள்வி நேரம் வந்தது. "இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?" என்று ஒருவர் கேட்டார். "உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான்" என்றார் ஓவியர். அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. நான் தமிழிலேயே கேட்டேன்: "சார், அந்தச் சிவப்புக்கு அடியில் என்ன நிறம் போட்டீர்கள்?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று தமிழில் பேச ஆரம்பித்தார். அடியில் பச்சை. மண் பச்சை, மெல்லிசாக. அது காய்ந்த பிறகு மேலே சிவப்பு. சிவப்பு ரொம்ப அடைத்துக்கொண்டது என்று பிளேடு வைத்துச் சுரண்டியிருக்கிறார். சுரண்டிய இடத்தில் பச்சை மினுங்க, சிவப்புக்கு ஒரு சூடு வந்திருக்கிறது. எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அதை ஒருவர் கையால் செய்து, தடுமாறி, சுரண்டி, கண்டுபிடித்த கதையாகக் கேட்டது அன்றைக்குத்தான். பேச்சு முடிந்ததும் நேராகப் போய் விளிம்பைப் பார்த்தேன். நூல் அளவுக்கு அந்தப் பச்சை இருந்தது. அதற்கு முன்னால் அந்தப் படத்தில் நான் வெறும் சிவப்பைத்தான் பார்த்திருந்தேன்.

அதனால் என் கருத்து இதுதான்: ஓவியரிடம் கையைப் பற்றி, அதாவது அந்தக் கை செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். எதில் தொடங்கினீர்கள், எதை அழித்தீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன் இந்த அளவு, ஏன் இந்தத் தாள். இப்படிக் கேட்டால் பேசுகிறவர் பொதுவாகப் பேச முடியாது, படத்துக்குள் இறங்கித்தான் பதில் சொல்லணும். அர்த்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையின் கதைக்குப் பின்னாலேயே அர்த்தமும் வந்துவிடுகிறது. பிறகு, தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் சரியாக வராதே என்று நம்ம பிள்ளைகள் பின் வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவே இல்லை. நல்ல கேள்விக்கு மொழி தடையாக இருக்கக் கூடாது. மொழிபெயர்த்துச் சொல்ல அந்த அறையில் யாராவது கட்டாயம் இருப்பார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். இங்கே கேலரி இல்லைதான், ஆனால் பார்க்கப் படம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருப்புடைமருதூர். தாமிரபரணியோடு கடனா நதி வந்து சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஐந்து நிலை, ஒவ்வொரு நிலையிலும் சுவர் முழுக்கப் படம், நடுவில் செதுக்கிய மரத்தூண்கள். அனுமதி கேட்டு ஏறினோம். உள்ளே இருட்டு. வௌவால் வாடை. ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் ஒரு பக்கச் சுவரில்தான் விழுகிறது. பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், நிறத்துக்குக் கெடுதல்.

அங்கே ஒரு கப்பல் இருக்கிறது. கப்பல் நிறையக் குதிரைகள். கடல் கடந்து அரபு வணிகர்கள் குதிரை கொண்டுவந்த காலத்துப் படம். கேலரியில் செய்வதுபோலவே அதன் முன்னால் உட்கார்ந்து வரைந்தேன். வரையும்போதுதான் ஒன்று தெரிந்தது. தள்ளி நின்றால் நிறம்தான் கண்ணில் படும், கிட்டே போனால் எல்லாமே கோடு. ஒரு குதிரையின் கழுத்துக் கோடு நெற்றியில் தொடங்கி முதுகுவரை நடுங்காமல் ஒரே இழுப்பில் இறங்குகிறது. காவிச் சிவப்பு, மஞ்சள், கருப்பு, வெள்ளை, கொஞ்சம் பச்சை என்று சில நிறங்களை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் செய்திருக்கிறார்கள். அவ்வளவு குறுகலான கோபுரத்துக்குள், விளக்கு வெளிச்சத்திலா வேலை செய்தார்கள், எதில் ஏறி நின்றார்கள், கோடு போட்டவரும் நிறம் நிரப்பியவரும் ஒருவரா? கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனால் கேள்வியோடு பார்த்தால் சுவர் கொஞ்சம் பதில் சொல்கிறது. சில இடங்களில் நிறம் கோட்டைத் தாண்டியிருக்கிறது, அதற்கு மேல் கருப்புக் கோடு திரும்ப வந்திருக்கிறது. அப்படியானால் கோடு இரண்டு தடவை போயிருக்கிறது.

அந்தக் கோயிலில் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போகும்போது அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட்டாராம், அந்தக் குரலைக் கேட்கச் சாமி சாய்ந்தாராம். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து மருத மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து பத்தமடை. வீரவநல்லூரில் நெல்வேலி பஸ் ஏறினால் வழியிலேயே வந்துவிடும். பத்தமடைப் பாய் எல்லாருக்கும் தெரியும், கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பேரை நெய்து வாங்குவார்கள். பாய் நெய்கிற ஒரு அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அதையும் ஓவியர் பேச்சாகவே நினைத்துக் கேட்டேன், அதே கேள்விகளோடு. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். கோரை உப்பி வரும். திரும்பக் காயவைத்து, உள் சோற்றை எடுத்துவிட்டு, நூல்போலக் கிழிக்கிறார்கள். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், பருத்தி; ரொம்ப உசத்தியான பாய்க்குப் பட்டு நூல். முன்னெல்லாம் சிவப்புக்குச் சப்பங்கி மரச் சாயம், இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்.

அந்த அம்மா நெய்துகொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, விரலை நனைத்துக் கோரையைத் தடவினார். ஏன்மா என்றேன். "காஞ்சா முறிஞ்சிரும் பிள்ளே. முறிஞ்ச எடம் பாயில தெரியாது, ஒனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்லா" என்றார். அப்புறம் பாயைத் தூக்கி வெயிலுக்கு எதிராகப் பிடித்துக் காட்டினார். பாவு நூல் நெருக்கமாகப் போன இடமும் தளர்ந்த இடமும் வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரிந்தன. தளர்ந்த இடம் அவர் மகள் பழகியபோது நெய்தது. எந்த கேலரிச் சுவரிலும் இவ்வளவு தெளிவான குறிப்பை நான் படித்ததில்லை. இப்படிப்பட்டவர்களைக் கல்லூரிகள் மேடை போட்டு, மைக் கொடுத்துப் பேசச் சொல்லணும். கைவினைக் கண்காட்சியில் ஸ்டால் போட்டு விற்க மட்டும் கூப்பிடுவது போதாது.

கொச்சி பியன்னாலே பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று திட்டமிட்டு நடத்துகிற பெரிய கலைக் கண்காட்சி அது. 2012 டிசம்பர் 12-ல் தொடங்கியது. திருநெல்வேலியில் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் செங்கோட்டை, புனலூர் வழியாகக் காலையில் எர்ணாகுளம் போய்விடலாம். நமக்குச் சென்னையைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. கோட்டை கொச்சி, மட்டாஞ்சேரிப் பழைய கிடங்குகளில் இன்ஸ்டலேஷன் (ஒரு இடத்தையே படைப்பாக அமைப்பது), வீடியோ என்று நிறைய இருக்கும். 2016-ல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிதா ஒரு கிடங்குக்குள் கடல் தண்ணீரை நிரப்பி வைத்தார், பார்வையாளர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த்தான் கடைசிச் சுவரில் இருந்த கவிதையைப் படிக்கணும். கரையேற முடியாமல் கடலில் போன அகதிப் பிள்ளைகளுக்கான வேலை அது. சீனியர் அக்கா ஒருவர் அதைப் பற்றிப் பேசும்போது முதலில் சொன்னதே தண்ணீரின் குளிர்ச்சியைத்தான். எல்லாம் பார்க்கணும் என்று ஓடாமல், இரண்டு நாள் இருந்து கொஞ்சமாகப் பாருங்கள்.

இன்னொரு வேலை மனதில் இருக்கிறது, அதற்கு உங்கள் உதவி வேண்டும். கோவில்பட்டியில் இருந்து படம் வரைந்த சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர், 1976-ல் காலமானார். சிவகாசியில் அச்சான அவருடைய காலண்டர் படங்கள்தான் நம்ம வீட்டுப் பூஜை அறைகளில் முருகனாகவும் லட்சுமியாகவும் இருந்தன. அவர் பேசிக் கேட்க நமக்கு வாய்ப்பில்லை. ஆனால் சில படங்களில் அவர் கையெழுத்தோடு சீடர் டி. எஸ். சுப்பையாவின் கையெழுத்தும் சேர்ந்து இருக்கும். ஒரே படத்தில் இரண்டு கை. முகம் யார் தீட்டியது, துணி மடிப்பு யார், பின்னால் இருக்கும் மலையும் அருவியும் யார் என்று படத்தை வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்க்க ஆசைப்படுகிறேன். உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ பழைய காலண்டர் படம் இருந்தால், கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றாமல், பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். கையெழுத்து இருக்கும் மூலையைக் கிட்டே இன்னொன்று எடுங்கள். கீழே அச்சகத்தின் பேரும் வருஷமும் இருந்தால் அதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். லீவு முடிவதற்குள் கோவில்பட்டி போகிறேன். போவதற்கு முன்னால் கைவசம் கொஞ்சம் படங்கள் இருந்தால், அங்கே விவரம் தெரிந்த பெரியவர்களிடம் காட்டிக் கேட்கலாம்.