லாட்டரிச் சீட்டும் லக்சம்பர்க் நீதிமன்றமும்

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பிய நாடுகளின் பொதுச்சந்தைச் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் வக்கீல் பாஷை கூடாது என்று நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள். சரி, முயன்று பார்க்கிறேன்.

நான் சித்தூர்க்காரன். ஆந்திராச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர். வீட்டில் தமிழ், கோர்ட் வராந்தாவில் மலையாளம். என்னிடம் வருகிற கட்சிக்காரர்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்கள். அவர்களில் பலருக்குத் தோட்டம் ஒரு மாநிலத்தில், சந்தை இன்னொரு மாநிலத்தில். சட்டம் படிக்கிற பிள்ளைகள், “எங்கோ இருக்கிற ஐரோப்பாவின் சட்டம் நமக்கு எதற்கு சார்?” என்று கேட்பார்கள். எல்லையோரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு சுலபமாகப் புரிகிற சட்டப்பாடம் வேறு இல்லை என்பேன். சென்னையிலும் கொச்சியிலும் இருப்பவர்கள்தான் இதற்குக் கஷ்டப்பட வேண்டும்.

வரலாறு கொஞ்சம் போதும். 1957 மார்ச் 25 அன்று ரோம் நகரில், தங்களுக்குள் சரக்கு தடையின்றிப் போகும் ஒரு பொதுச்சந்தை அமைக்க, ஆறு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். அதிலிருந்து வளர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று 27 நாடுகள். தங்களுக்குள் இருந்த சுங்கவரியை முதல் ஆறு நாடுகளும் 1968க்குள் எடுத்துவிட்டன. உண்மையான சண்டை அப்புறம்தான் தொடங்கியது. வரி போட வழியில்லாத அரசு என்ன செய்யும்? விதி போடும். பாட்டில் இப்படி இருக்க வேண்டும், சான்றிதழ் அப்படி இருக்க வேண்டும், சேர்க்கை இவ்வளவு இருக்க வேண்டும் என்று.

இது நமக்குப் புதிதா? 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததோடு, தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கும் வாளையாரில் வணிகவரிச் செக்போஸ்ட் போனது. லாரிகள் இரவெல்லாம் வரிசை கட்டி நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் கலால்காரர்கள் போகவில்லை, பால் பரிசோதனை போகவில்லை, கால்நடைத் துறை போகவில்லை.

ஐரோப்பிய ஒப்பந்தத்தின் 34ஆவது பிரிவு, பொருள் வரத்தை அளவு வைத்துத் தடுப்பதையும், அதே விளைவைத் தரும் வேறு நடவடிக்கைகளையும் தடை செய்கிறது. 36ஆவது பிரிவு விதிவிலக்கு தருகிறது: மனிதர், விலங்கு, பயிர் இவற்றின் உடல்நலம், பொது ஒழுக்கம், பாதுகாப்பு என்று சில காரணங்கள் இருந்தால் தடுக்கலாம். இந்த இரண்டு பிரிவுகளுக்கு நடுவில்தான் வழக்குகள் எல்லாம் நடக்கின்றன. நீ சொல்கிற காரணம் நிஜமா, அதற்கு இவ்வளவு கடுமை தேவையா என்று லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றியத்தின் நீதிமன்றம் அரசைக் கேட்கும்.

முதலில் படிக்க வேண்டியது 1979இல் வந்த கசி த தீஜோன் தீர்ப்பு. அது ஒரு பிரெஞ்சு மதுவின் பெயர். கருந்திராட்சை போன்ற ஒரு பழத்தில் செய்வது, ஆல்கஹால் 15இலிருந்து 20 சதவீதம். ரேவே என்ற ஜெர்மன் நிறுவனம் அதை இறக்குமதி செய்யப் பார்த்தது. பழமதுவில் குறைந்தது 25 சதவீதம் ஆல்கஹால் இருந்தால்தான் விற்கலாம் என்று ஜெர்மன் விதி குறுக்கே நின்றது. பிரெஞ்சுச் சரக்குக்கு மட்டும் என்று அந்த விதி சொல்லவில்லை, உள்ளூர்ச் சரக்குக்கும் அதேதான். ஆனாலும் மாட்டிக்கொண்டது பிரெஞ்சுச் சரக்குத்தான்.

ஜெர்மன் அரசு சொன்ன காரணத்தைக் கள் இறக்கும் ஊர்க்காரர்கள் கேட்டே ஆக வேண்டும். வீரியம் குறைந்த மது பெருகினால் மக்கள் குடிக்குச் சுலபமாகப் பழகிவிடுவார்களாம். ஆகவே உடல்நலத்துக்காகத்தான் வீரியம் கூடியதை மட்டும் அனுமதிக்கிறோம் என்று வாதாடினார்கள். நீதிமன்றம் மசியவில்லை. வீரியம் குறைந்த மதுவகைகள் ஜெர்மன் கடைகளில் ஏற்கெனவே எத்தனையோ இருக்கின்றன, வீரியமானதையும் ஜனங்கள் கலந்துதானே குடிக்கிறார்கள் என்றது. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதுதான் கவலையென்றால், ஆல்கஹால் எவ்வளவு என்று லேபிளில் போட்டால் போதும் என்றது. ஒரு நாட்டில் முறையாகத் தயாரித்து விற்கும் பொருளை, தகுந்த காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது. இன்று வரை அந்தச் சந்தை இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

மூன்று வருடம் கழித்து வந்தது வான்கோழி வழக்கு. 1981இல், கிறிஸ்துமஸுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, கோழிக் கழிச்சல் நோயைக் காரணம் காட்டிப் பிரெஞ்சுக் கோழி இறைச்சியையும் முட்டையையும் பிரிட்டன் நிறுத்தியது. அப்போது பிரிட்டனும் அந்தச் சந்தையில் ஓர் உறுப்பு நாடு. நோய் பொய்யல்ல, நிஜமான நோய்தான். நீதிமன்றம் பார்த்தது வேறு விஷயங்களை: தடை எவ்வளவு அவசரமாக வந்தது, அதற்கு முன் உருப்படியான ஆய்வு நடந்ததா, உள்ளூர்ப் பண்ணையாளர்கள் எவ்வளவு நெருக்கினார்கள். பண்டிகை வியாபாரம் பிரெஞ்சு வான்கோழிக்குப் போகக் கூடாது என்பதுதான் உள்நோக்கம் என்று 1982இல் சொல்லிவிட்டது. பறவைக் காய்ச்சல் என்று சொல்லி எல்லையில் கோழி வண்டியை நிறுத்தும்போது நாமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். எல்லாத் தடையும் போலி என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

பால் வழக்கும் அப்படித்தான். உயர்வெப்பத்தில் காய்ச்சிப் பதப்படுத்திய பாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் உரிமம் வேண்டும், பிரிட்டனிலேயே மறுபடி பாக்கெட் போட வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. பாக்கெட்டைப் பிரித்தால் பாலை மறுபடி காய்ச்சத்தான் வேண்டும். அப்புறம் யார் கொண்டுவருவார்கள்? அனுப்பும் நாட்டின் சான்றிதழும் வந்த சரக்கில் மாதிரிப் பரிசோதனையும் போதும் என்றது 1983ஆம் வருடத் தீர்ப்பு. மீனாட்சிபுரத்தில் பால் வண்டியிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கிறார்களே, அதை லக்சம்பர்க் ஒப்புக்கொள்ளும். ஓணத்துக்கு முன் அந்தச் சோதனை கூடும்போது வண்டிக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். அதுவும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

இனி லாட்டரி. நம் எல்லையில் இதை விட நல்ல உதாரணம் கிடையாது. கேரளம் 1967இலிருந்து அரசு லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. கோவைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து வாளையாரில் சீட்டு வாங்குகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஐரோப்பாவில் ஷிண்ட்லர் வழக்கு, 1994. ஒரு ஜெர்மன் லாட்டரிக்கு ஆள் சேர்க்கும் கடிதங்கள் நெதர்லாந்திலிருந்து பிரிட்டனுக்குத் தபாலில் வந்தன. பிரிட்டிஷ் சுங்கத்துறை பிடித்துக்கொண்டது. லாட்டரி ஒரு சேவை, அதனால் அது பொதுச்சந்தைக்குள் வருகிறது என்றது நீதிமன்றம். ஆனால் மோசடியையும் சூதாட்டத்தால் வரும் கேட்டையும் தடுப்பதற்காக ஒரு நாடு அதைத் தடை செய்யலாம் என்றும் சொன்னது. 2003இல் கம்பெல்லி வழக்கில் இன்னொரு படி மேலே போனது. இத்தாலிய அரசு தன் வருமானத்துக்காகப் பந்தயத்தைப் பெருக்கிக்கொண்டே, வெளிநாட்டுப் பந்தய நிறுவனத்தைப் பார்த்து, எங்கள் ஜனங்கள் சூதாடிக் கெடக் கூடாது என்று சொல்ல முடியாது என்றது.

நம் உச்ச நீதிமன்றம் போன பாதை வேறு. பெங்களூரில் அச்சான ஒரு பத்திரிகை நடத்திய பரிசுப் போட்டி பம்பாய் மாநிலத்துக்குள் பரவியதால் வந்த சமர்பாக்வாலா வழக்கு. தீர்ப்பு 1957இல், ரோம் ஒப்பந்தம் கையெழுத்தான அதே வருடம். சூதாட்டம் வியாபாரமே அல்ல, அதனால் நாடு முழுக்க வியாபாரம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிற அரசியல் சட்டத்தின் 301ஆவது பிரிவு அதைக் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் 1999இல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில், அரசு லாட்டரியும் சூதாட்டமே என்று சொன்ன அதே தீர்ப்பு, தன் லாட்டரியை விற்றுக்கொண்டு பக்கத்து மாநில லாட்டரியை மட்டும் ஒரு மாநிலம் தடுக்கக் கூடாது என்றது. தமிழ்நாடு தானும் நடத்துவதில்லை, அதனால் கேரளச் சீட்டைத் தடுக்கலாம். கம்பெல்லி சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தானே!

எனக்கு ஐரோப்பியப் பாதைதான் பிடித்திருக்கிறது. நம்மிடம் வியாபாரமே இல்லை என்று முதலில் தள்ளிவிட்டு, பிறகு வேறு வழியாக நியாயம் கேட்கிறோம். அவர்கள் முதலில் உள்ளே விட்டுவிட்டு, அரசைப் பதில் சொல்ல வைக்கிறார்கள்.

வரி விஷயத்தில் நாம் பின்தங்கவில்லை. வெளியே பதனிட்ட தோலுக்கு ஒரு கணக்கு, மாநிலத்துக்குள் பதனிட்ட தோலுக்கு இன்னொரு கணக்கு என்று சென்னை மாநிலம் விற்பனை வரி போட்டதை 1960களின் தொடக்கத்திலேயே மெஹ்தாப் மஜீத் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2016இல் ஜிண்டால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, பாரபட்சமான வரிதான் 301ஐ மீறும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் வரியல்லாத தடைகளைத் துருவிக் கேட்பதில் நாம் இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

கடைசியாக, சட்ட மாணவர்களுக்கு ஒரு செய்தி. பழமது வழக்கு நேராக லக்சம்பர்க் போகவில்லை. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம், ஒப்பந்தத்தின் பொருள் என்ன என்று மேலே கேள்வி அனுப்பியது, அங்கிருந்து பதில் வந்தது. அங்கே எந்த நீதிமன்றமும் அப்படிக் கேட்கலாம். நம்மிடமும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 113ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு சட்டம் செல்லாது என்று கீழ்க்கோர்ட் கருதினால், வழக்கு அதைப் பொறுத்தே இருந்தால், காரணங்களை எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். சித்தூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு அப்படி ஒரு கேள்வி போய் நான் பார்த்ததில்லை. கேட்கச் சொல்லி மனுப் போட்ட வக்கீலையும் பார்த்ததில்லை.

வணக்கம்.