லினக்ஸ் போடும் முன் உங்கள் லேப்டாப் ஒத்துவருமா என்று பாருங்கள்

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் எங்கே, புது பிராசஸர் எங்கே என்று கேட்கிறது. சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுவிடலாம் என்று நிறையப் பேர் கிளம்பியிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள், ஆனால் டிஸ்க்கை அழிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடலில் ஒரு பெட்டிக்குள் இன்டெல் வைஃபை இருக்கும், இன்னொன்றில் ரியல்டெக் இருக்கும்.

(திரையில்: பென்டிரைவில் ஐஎஸ்ஓ எழுதுவது)

லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, லேப்டாப்பை அதிலிருந்தே பூட் செய்யுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கல்யாண போட்டோ இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள். உள்ளே போனதும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல் சத்தம், மைக், கேமரா, புளூடூத் எல்லாம் பாருங்கள். அப்புறம் மூடியைச் சாத்தித் திறந்து பாருங்கள். தூங்கப்போன லேப்டாப் எழுந்திருக்கிறதா என்பதைப் பலரும் பார்ப்பதே இல்லை.

(திரையில்: டெர்மினல்)

வைஃபைதான் அதிகம் படுத்தும். கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினல் விண்டோவில் எல்எஸ்பிசிஐ, இடைவெளி, ஹைபன், என்என்கே என்று அடியுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும்: 8086 என்று தொடங்கினால் இன்டெல், பெரும்பாலும் கவலையில்லை. 14இ4 என்றால் பிராட்காம். அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியே இல்லையென்றால் டிரைவர் ஓடவில்லை என்று அர்த்தம். பிராட்காம் சிப்புகள் பலவற்றுக்கு டிரைவரைத் தனியாகப் போடவேண்டும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் கதைதான். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால், அதாவது போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தால், வழி பிறக்கும்.

இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லையா? பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸில், ஸ்டோரேஜ் ரெய்ட் அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் இருக்கலாம், ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் சட்டென்று மாற்றிவிடாதீர்கள், அது பூட் ஆகாமல் போகலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீயையும் முதலில் எழுதி வையுங்கள்.

கடைசியாக பிரிண்டர். ஏர்பிரிண்ட் என்ற வயர்லெஸ் பிரிண்டிங் வசதி உள்ள புது பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே ஓடும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் உழைக்கும் கேனான் எல்பிபி 2900 அப்படி இல்லை: அது பேசுவது கேனானின் சொந்த கேப்ட் மொழி, லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரிய மல்லுக்கட்டு. பிழைப்பே அந்த பிரிண்டரில்தான் என்றால், அது மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரில் கைவைக்காதீர்கள், வீட்டு லேப்டாப்பில் ஆரம்பியுங்கள்.